கண்டனமும் மறுமொழியும்

விளம்பரத்தைத் திறனாய்வுக்கு உட்படுத்துவோர், அதற்கு எழும் கண்டனங்களுக்குப் பெருங் கம்பனிகள் அளிக்கும் மறுமொழியைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அம்மறுமொழியும் ஆராயத்தக்க ஒரு பனுவலே. அதனை ஊன்றி நோக்குமிடத்து, குறையைக் களைவதினும் கூச்சலைத் தணிப்பதே அதன் முதன்மை நோக்கம் என்பது புலனாகும்.

'பெயார் அன்ட் லவ்லி' இதற்குத் தக்க சான்றாகும். 1975 இல் இந்தியாவில் அறிமுகமான இம்முகப்பூச்சு, இலங்கைச் சந்தையிலும் பரவியது. கறுத்த பெண்ணுக்கு வேலையும் மணமும் வாய்ப்பதில்லை. நிறம் வெளுத்ததும் இரண்டும் வந்தடையும். இதுவே அதன் விளம்பரங்களின் கதைப்பின்னல். ஆண்மகவு இல்லையே எனத் தந்தை வருந்த, மகள் இதனைப் பூசி விமானப் பணிப்பெண்ணாகும் விளம்பரத்தை அகில இந்திய சனநாயக மாதர் சங்கம் கண்டித்தது. 2003 இல் கண்டனத்துக்குள்ளான விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில், பெண்கல்விக்கு உதவவென இப்பூச்சின் பெயரையே தாங்கிய அறக்கட்டளையொன்றும் நிறுவப்பட்டது. விளம்பரம் மறைந்தது, பண்டத்தின் பெயரோ அறத்தின் பெயராகவும் விளங்கலாயிற்று.

2020 மே மாதத்தில் அமெரிக்காவில் ஜோர்ஜ் புளொய்ட் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, இணையவழி எழுந்த நிறவெறி எதிர்ப்பு இப்பூச்சையும் சூழ்ந்தது. ஜூன் 25 ஆந் திகதி, வெண்மையைக் குறிக்கும் சொற்களைக் கைவிடுவதாக யூனிலீவர் அறிவித்தது. அச்சொற்கள் ஒரேயொரு வகை அழகையே இலட்சியமாக உணர்த்துவதையும் அது ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம் 'குளோ அன்ட் லவ்லி' என்ற பெயர் வந்தது. பழி சொல்லின்மேற் சுமத்தப்பட்டது. பண்டம் பழியின்றித் தொடர்ந்தது. வெண்மை இருந்த இடத்தில் ஒளிர்வு அமர்ந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் பழகிய செவிக்குப் புதுச்சொல்லும் பழம்பொருளையே உணர்த்தும். தமிழ் விளம்பரங்களில் வழங்கிய 'சிவப்பழகு' என்பது 'பொலிவு' என மாறினும் நிலை இதுவே.

ஆயின் கண்டனம் வீணென்று கொள்ளலாமா? அவ்வாறன்று. வெண்மையே அழகென்னும் பெயரைத் தினமும் வாசிக்காது ஒரு தலைமுறை வளருமாயின், அது பயனே. எனினும் கம்பனி செவிமடுப்பது நியாயத்துக்கா, வலிமைக்கா என்ற வினா எஞ்சுகின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில், இந்து மருமகளுக்கு முஸ்லிம் குடும்பத்தினர் வளைகாப்பு நடத்துவதைக் காட்டிய 'தனிஷ்க்' நகை விளம்பரம் இணைய எதிர்ப்பினால் மீளப்பெறப்பட்டது. மனம் புண்பட்டமையும் ஊழியரின் நலனும் காரணங்களாகக் கூறப்பட்டன. ஊழியர் பற்றிய அச்சத்தை நாம் எள்ளுதல் தகாது. எனினும், இழிவுபடுத்திய விளம்பரத்துக்கும் இணக்கம் பேசிய விளம்பரத்துக்கும் நேர்ந்த கதி ஒன்றே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வுரையாடலில் இடம்பெறாதவர் ஒருவர் உளர். புத்தூர்த் தோட்டங்களில் வெயிலில் நின்று களைபிடுங்கும் பெண்ணின் நிறம், அவளது உழைப்பின் அடையாளமுமாகும். விளம்பரம் அவளை நோக்கியே பேசியது. மறுமொழியோ உரத்துக் கண்டித்தோரை நோக்கி எழுதப்பட்டது. அவளுக்குரிய மறுமொழியைக் கம்பனி மாத்திரம் அளித்துவிட இயலாது. மணப்பேச்சில் "பெண் என்ன நிறம்?" என வினவும் வழக்கம் எம்மவரிடையேயும் உண்டு. அவ்வினா நிலவும்வரை, எப்பெயர் சூட்டப்படினும் அப்பூச்சின் பொருளை நாமே நிரப்பிக்கொடுப்போம்.