லீவு விட்டாச்சு... வீடு எங்கே?

கடைசிப் பரீட்சை முடிந்த அந்த நிமிஷம் ஞாபகம் இருக்கிறதா? பேனாவை உதறி, பக்கத்துப் பையன் சட்டையில் இங்க் தெளித்து, பதிலுக்கு நம் சட்டையிலும் வாங்கிக்கொண்டு, 'லீவு விட்டாச்சேய்!' என்று தெரு அதிர வீட்டுக்கு ஓடியிருப்பீர்கள். சட்டையைப் பார்த்ததும் அம்மா முதுகில் ஒன்று வைத்திருப்பாள்.

அந்த அடி எவ்வளவு பெரிய பாக்கியம் என்று, ரூத் வான் ரீக்கன் எழுதிய 'லெட்டர்ஸ் நெவர் சென்ட்' படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

1988-ல் வந்த புத்தகம். ரூத், நைஜீரியாவில் பிறந்த அமெரிக்க மிஷனரி மகள். ஆறு வயசில் போர்டிங் ஸ்கூல். பதிமூன்றில் அமெரிக்கா. அப்பா, அம்மா மறுபடி ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போய்விட்டார்கள். ரூத் வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்ற பிறகு ஒருநாள் உட்கார்ந்து, அந்தந்த வயசில் பெற்றோருக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதங்களை எழுத ஆரம்பிக்கிறார். அதுதான் புத்தகம்.

'ஏம்மா, அப்பவே எழுதியிருக்கலாமே?' என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம். இந்த மாதிரி போர்டிங்குகளில் வீட்டுக்கு லெட்டர் எழுதுவதும் ஒரு பீரியட் மாதிரிதான். 'நான் நலம். நீங்கள் நலமா?' ரகம். பெற்றோரும் ஊரில் காணிக்கை தரும் சபைகளுக்கு லெட்டர் எழுதுவார்கள். அதிலும் 'பிள்ளைகள் சுகம், ஸ்தோத்திரம்' என்று ஒரு வரி இருக்கும். நாம் அழுதால் அப்பாவின் வேலை கெட்டுப்போகும். அப்பாவின் வேலையோ கடவுளின் வேலை. ஆறு வயசுக் குழந்தை கடவுளோடு போய் மல்லுக்கு நிற்குமா என்ன?

வருஷக் கடைசியில் பிள்ளை வீடு வந்து சேர்கிறது. முதல் வாரம் விருந்தாளி. இரண்டாம் வாரம் கூச்சம் விடுகிறது. அம்மாவோடு சண்டை போடும் அளவுக்கு உரிமை திரும்பி வரும்போது, கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டி வெளியே வந்துவிடுகிறது. பள்ளியின் கடைசி வருஷமென்றால் இன்னும் கஷ்டம். கூடப் படித்தவர்கள் நாலு கண்டத்துக்குச் சிதறுவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள தேசம்தான் 'சொந்த ஊர்'. அங்கே பஸ் ஏறக்கூடத் தெரியாது.

இது ஏதோ செல்லப்பிள்ளைகளின் புலம்பல் என்று நினைப்பவர்கள் 'ஆல் காட்ஸ் சில்ரன்' என்ற ஆவணப்படத்தைப் (2008) பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாவில், மாமு என்ற ஊரில் 1971 வரை நடந்த மிஷனரி பள்ளியின் கதை. வருஷத்தில் ஒன்பது மாசம் பிள்ளைகள் அங்கேதான். அடி, அவமானம், பாலியல் கொடுமை. வீட்டுக்குப் போகும் கடிதங்களைப் பள்ளியில் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். லீவில் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் பலர் வாய் திறக்கவில்லை. சபையே அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது தொண்ணூறுகளின் கடைசியில்தான். அதற்குள் பிள்ளைகளுக்குத் தலை நரைத்துவிட்டது.

ரூத்தின் புத்தகத்தில் இவ்வளவு பயங்கரம் இல்லை. அதுதான் அதன் பலம் என்பேன். நல்ல பெற்றோர், அன்பான பெற்றோர். வில்லனே கிடையாது. அப்படியும் வலித்தது என்று சொல்ல அதிக தைரியம் வேண்டும். குறையும் உண்டு. ஆறு வயசுக் குரலுக்குள் அடிக்கடி நாற்பது வயசு எட்டிப் பார்க்கிறது. 'காயத்திலிருந்து முழுமைக்கு' என்று அட்டையிலேயே போட்டுவிட்டதால், முடிவில் எல்லாம் ஆறித்தான் ஆகவேண்டும். எல்லாக் காயமும் அட்டைக்குக் கட்டுப்பட்டு ஆறுமா, தெரியவில்லை.

மறுபக்கமும் படிக்க வேண்டுமென்றால் ஸ்டீபன் ஆல்டரின் 'ஆல் தி வே டு ஹெவன்' (1998). அவரும் மிஷனரி மகன்தான். முசோரியில் வளர்ந்தவர். வெளிநாடெல்லாம் போய்விட்டு, அந்த மலைக்கே திரும்பி வந்து குடியேறிவிட்டார். அவருக்கு வீடு எது என்பதில் சந்தேகமில்லை!

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1901-ல் அமெரிக்க மிஷனரி பிள்ளைகளுக்காக ஆரம்பிக்கப்பட்டதுதான். கீழே வெயில் கொளுத்தும்போது அப்பா, அம்மா மலையேறி வருவார்கள். மழை வந்தால் இறங்கிவிடுவார்கள். இன்று அந்த மலைகளின் ஹாஸ்டல்களில் நம் பிள்ளைகள். அப்பா துபாய், அம்மா சென்னை. கடவுளுக்குப் பதில் 'எல்லாம் உன் நல்லதுக்குத்தான்' என்ற வாக்கியம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த மே மாசம் பெட்டியோடு வந்து இறங்கும் பிள்ளையிடம் வாசலிலேயே மார்க் கேட்காதீர்கள். வயிறாரப் போட்டு, தூங்க விடுங்கள். அப்புறம், 'எப்படிடா இருந்தே?' என்று கேளுங்கள். 'நல்லாத்தான் இருந்தேன்' என்று பதில் வரும்.

உடனே எழுந்து போய்விடாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.