கீழைத்தேய ஓவியங்களில் இசைக்கலைஞர்கள்

19ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கா, எகிப்து, துருக்கி ஆகிய பகுதிகளின் வாழ்க்கையை ஐரோப்பியர் வரைந்த படைப்புகள் கீழைத்தேய ஓவியங்கள் எனப்படுகின்றன. சந்தை, தொழுகை, குளியலறை ஆகியவற்றைப் போல இசைக்கலைஞர்களும் இவற்றில் அடிக்கடி இடம்பெறுகின்றனர். ஓவியத்தில் இசை கேட்காது. ஆகவே வாசிப்பவர் யாருக்காக, எந்தச் சூழலில் வாசிக்கிறார் என்பதைப் படமே உணர்த்த வேண்டும். மூன்று ஓவியங்களை ஒப்பிட்டால் இதன் முக்கியத்துவம் விளங்கும்.

டெலாக்ருவாவின் திருமண வீடு

1832இல் பிரெஞ்சுத் தூதுக்குழுவுடன் மொரோக்கோ சென்ற இயூஜீன் டெலாக்ருவா, டாஞ்சியர் நகரில் ஒரு யூதத் திருமணத்தை நேரில் கண்டார். அதன் நினைவாக அவர் வரைந்த ‘மொரோக்கோவில் யூதத் திருமணம்’ 1841இல் பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. படத்தில் மணப்பெண் இல்லை. சுவரோரம் அமர்ந்து வாசிப்பவர்கள், ஆடும் பெண், சூழ்ந்திருக்கும் விருந்தினர் ஆகியோரே உள்ளனர். இங்கே இசை, திருமண வீட்டில் நடைபெறும் ஒரு தொழில். அதைக் கேட்போர் அவ்வீட்டிற்கு வந்தவர்கள்.

ஜெரோமின் பாம்பாட்டி

ழான்-லியோன் ஜெரோம் 1879ஆம் ஆண்டளவில் வரைந்த ‘பாம்பாட்டி’ ஓவியத்தில், ஆடையற்ற சிறுவன் பாம்பைச் சுற்றிக்கொண்டு நிற்கிறான். முதியவர் ஒருவர் ஓரமாக அமர்ந்து குழல் ஊதுகிறார். பின்சுவரின் நீல ஓடுகள் இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனை ஓடுகளை மாதிரியாகக் கொண்டவை. ஓடுகளின் துல்லியம் காட்சி முழுவதையும் உண்மை என நம்பவைக்கிறது. குழலூதுபவரின் கலையோ வேடிக்கைக்குத் துணைப்பொருளாகிவிடுகிறது. 1978இல் எட்வர்டு செயித்தின் ‘ஓரியண்டலிசம்’ நூலின் அட்டையில் இடம்பெற்ற இவ்வோவியத்தை, 1983இல் கலை வரலாற்றாளர் லிண்டா நோக்லின் கடுமையாக விமர்சித்தார்.

உஸ்மான் ஹம்தியின் இரு பெண்கள்

ஒட்டோமானியரான உஸ்மான் ஹம்தி பே (1842–1910) பாரிசில் ஓவியம் பயின்றவர். ஐரோப்பியக் கல்விக்கூட ஓவிய முறையிலேயே ‘இரு இசைக்கலைஞப் பெண்கள்’ (1880) என்ற படத்தை வரைந்தார். தம்பூர் என்னும் நீண்ட கழுத்துடைய நரம்புக் கருவியும் கஞ்சிரா போன்ற தோற்கருவியும் இப்பெண்களின் கைகளில் உள்ளன. படத்தில் வேடிக்கை பார்ப்போர் எவரும் இல்லை. பெண்கள் முழு உடையுடன் தம் இசையில் ஈடுபட்டிருக்கின்றனர்.

மதிப்பீடு

இம்மூன்றில் எதுவும் கண்டதை அப்படியே பதிந்த படம் அன்று. டெலாக்ருவாவின் படம் திருமணம் நடந்து 9 ஆண்டுகளுக்குப் பின் காட்சிக்கு வந்தது. உஸ்மான் ஹம்தியும் உடை, ஓடு, கம்பளம் ஆகியவற்றைத் தேர்ந்து அடுக்கியே வரைந்தார். எனவே கற்பனை கலந்தது என்பது மட்டும் ஜெரோமின் குறையாகாது. அக்கற்பனை இசைப்பவரின் மதிப்பைக் குறைத்தது என்பதே குறை. ஐரோப்பியர் வரைந்தால் பொய், உள்நாட்டவர் வரைந்தால் மெய் என்று பிரிப்பதும் பொருந்தாது. இசை வரலாறு படிக்கும் மாணவர்கள் இப்படங்களில் கருவியின் வடிவத்தையும் அதைப் பிடிக்கும் முறையையும் காணலாம். ஆனால், அவற்றை அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள கருவிகளோடு ஒப்பிட்ட பின்னரே சான்றாகக் கொள்ள வேண்டும்.