பாரவண்டியின் பாய்ச்சல்

பாரம் சுமப்பதையே பிறவிப் பயனாகக் கொண்டு உருவான ஒரு வாகனம், பந்தயக் கார்களின் எதிரே தோள் தட்டி நிற்கும் அளவுக்கு வேகத்தைச் சம்பாதித்துக்கொண்டதென்றால், அதன் பின்னே எத்தனையோ பொறியாளர்களின் பிடிவாதமும் கற்பனையும் மறைந்திருக்க வேண்டும். 1925-ல் ஃபோர்டு கம்பெனி தன்னுடைய ‘மாடல் டி’ காரின் பின்புறத்தில் ஒரு சரக்குப் பெட்டியைப் பொருத்தி, 281 டாலர் விலைக்கு அமெரிக்க விவசாயிகளின் முன் கொணர்ந்து நிறுத்தியபோது, அந்தப் பிக்கப் வண்டியின் ஆற்றல் வெறும் 20 குதிரைத்திறனாக இருந்தது. இன்று அதே வமிசத்தில் வந்த வண்டிகள் 700 என்றும் 1,000 என்றும் சொல்லிக்கொள்கின்றன. இந்த எண்களை வரிசைப்படுத்தி, பெரிய எண்ணுக்கு முதற்பரிசு கொடுத்துவிட்டு எழுந்து போகிறவர்கள், இந்தக் கலையின் வாசலோடு திரும்பிவிட்டவர்கள் என்றே சொல்ல வேண்டும்; ஏனெனில் ஆற்றல் என்பது கையிலுள்ள முதல், வேகம் என்பது அதிலிருந்து விளைந்த பலன், முதலைப் பலனாக மாற்றுகிற சாமர்த்தியத்திலேதான் ரசிக்கத் தகுந்த விஷயம் முழுவதும் இருக்கிறது.

பிக்கப் வண்டிக்கு வேகத்தை ஊட்டுவது காருக்கு ஊட்டுவதைக் காட்டிலும் கடினமான காரியம். மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி நிதானமாக மண்ணைப் பற்றி நகர்வதையும், அதே வண்டி சந்தையிலிருந்து காலியாகத் திரும்புகையில் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளிக் குதிப்பதையும் பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டத்தின் காரணம் உடனே விளங்கும். பிக்கப்பின் இன்ஜினும் ஆட்கள் அமரும் அறையும் முன்புறத்தில் கனத்து நிற்க, ஆற்றலைத் தரையில் செலுத்த வேண்டிய பின்சக்கரங்களின் மேலே ஒரு வெற்றுப் பெட்டிதான் இருக்கிறது. ஆகவே எவ்வளவு ஆற்றலைக் கொட்டினாலும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று புகையைக் கிளப்புமேயன்றி வண்டி முன்னேறாது. இந்தப் பிடிப்பின்மை முதற்பகை. உயர்ந்து அகன்ற முகத்தை எதிர்க்கும் காற்று இரண்டாவது. மேடுபள்ளமான நிலம் மூன்றாவது. தன் சொந்த எடையே நான்காவது. இந்த நான்கு பகைகளில் எதை எவ்விதம் வென்றது என்பதைக் கொண்டே ஒரு வண்டியை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டும் என்பது என் துணிபு.

புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் அமெரிக்கக் கார்கள் பலம் குன்றியிருந்த 1978-ஆம் ஆண்டில், கனரக வகுப்பைச் சேர்ந்த வண்டிகளுக்கு இருந்த சலுகையைப் பயன்படுத்திக்கொண்டு, டாட்ஜ் கம்பெனி ‘லில் ரெட் எக்ஸ்பிரஸ்’ என்ற சிவப்பு வண்டியை வெளியிட்டது. அந்த ஆண்டின் சாதாரண கார்வெட் காருக்கு 185 குதிரைத்திறன். இந்தப் பாரவண்டிக்கோ 225. ஓட்டுநர் அறையின் பின்னே இருபுறமும் செங்குத்தாக எழுந்த புகைக்குழாய்களும், பெட்டியின் ஓரத்தில் பதித்த மரப்பலகைகளுமாக ஒரு திருவிழாத் தோற்றத்தோடு வந்த அது, பூஜ்யத்திலிருந்து மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டுவதில், ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை சோதித்த அமெரிக்க வாகனங்களைப் பின்னுக்குத் தள்ளியது. எனினும் அது சட்டத்தின் இடைவெளியில் நுழைந்து பெற்ற வெற்றியேயன்றி, முன் சொன்ன பகைகளில் எதையும் வென்றதன்று.

முதற்பகையை உண்மையாகவே வென்ற பெருமை 1991-ல் வந்த ஜிஎம்சி ‘சைக்ளோன்’ வண்டிக்கே உரியது. மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகவே தயாரிக்கப்பட்ட அந்தச் சிறிய கறுப்பு வண்டியில் ஆறு சிலிண்டர்களே இருந்தன, 4.3 லிட்டர் இன்ஜினுக்கு டர்போசார்ஜரைப் பூட்டி 280 குதிரைத்திறனைக் கறந்தார்கள். ஆனால் அதன் மேதைமை இன்ஜினில் இல்லை. அந்த ஆற்றலை நூற்றுக்கு 35 பங்கு முன்சக்கரங்களுக்கும் 65 பங்கு பின்சக்கரங்களுக்குமாகப் பிரித்துக் கொடுத்து, நான்கு சக்கரங்களும் ஒருங்கே தரையைப் பற்றும்படி செய்த யுக்தியில் இருந்தது. அந்த ஆண்டு அதே பத்திரிகை, 300 குதிரைத்திறன் கொண்டதும் நான்கு மடங்குக்கும் மேலான விலையுள்ளதுமான ஃபெராரி 348 காரை அதன் பக்கத்தில் நிறுத்திப் பந்தயம் நடத்தியது. மணிக்கு 60 மைல் வேகத்தைச் சைக்ளோன் 5.3 விநாடிகளிலும், ஃபெராரி 6 விநாடிகளிலும் எட்டின. கால் மைல் தூரத்தைப் பாரவண்டி 14.1 விநாடிகளிலும் பந்தயக் கார் 14.5 விநாடிகளிலும் கடந்தன.

இந்த முடிவில் மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றாத ஒரு நுட்பம் இருக்கிறது. கால் மைல் கோட்டைத் தாண்டிய அந்தக் கணத்தில், பின்தங்கி வந்த ஃபெராரிதான் அதிக வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது, ஓட்டத்தின் தொடக்கத்தைத் தீர்மானிப்பது தரைப்பிடிப்பு. அதன் பிற்பகுதியைத் தீர்மானிப்பது எடைக்கும் காற்றுக்கும் எதிரே நின்று உழைக்கும் ஆற்றல். பந்தயம் இன்னும் சிறிது தூரம் நீண்டிருந்தால் மாலை இடம் மாறியிருக்கும். ஒரு வண்டியை வேகமானது என்று சொல்லுமுன், எவ்வளவு தூரத்துக்கு, எந்த வேகம் வரைக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் போட்டி வேறில்லை.

இரண்டாவது பகையான காற்றின் வலிமையை அறிய, 2004-ஆம் ஆண்டின் டாட்ஜ் ‘ராம் எஸ்ஆர்டி-10’ வண்டியை நோக்கலாம். வைப்பர் என்னும் பந்தயக் காரின் பத்து சிலிண்டர் இன்ஜினை, 8.3 லிட்டர் கொள்ளளவோடும் 500 குதிரைத்திறனோடும், அப்படியே எடுத்து வைத்து, கையால் மாற்றும் ஆறு கியர்களையும் கொடுத்தார்கள். அவ்வாண்டு பிப்ரவரி மாதம் மிச்சிகன் மாநிலத்துச் சோதனைத் தடத்தில் அது மணிக்கு 248 கிலோமீட்டருக்கும் மேலாக ஓடி, தயாரிப்பு நிலையிலுள்ள பிக்கப் வண்டிகளில் அதிவேகமானது என்று உலக சாதனை படைத்தது. பிரமிக்கத்தக்க வேகந்தான், ஆயினும் அதே இன்ஜினைக் கொண்ட தாழ்ந்த வைப்பர் கார் 300 கிலோமீட்டரையும் தாண்டி ஓடியது. காற்றை எதிர்க்க வேண்டிய ஆற்றல், வேகம் இரு மடங்கானால் எட்டு மடங்காக ஏறுகிறது. உயர்ந்த நெற்றியோடு அதன் எதிரே செல்லும் வண்டி, தன் ஆற்றலில் பெரும்பகுதியை அதற்கே கப்பமாகக் கட்டிவிடுகிறது. 2006-ஆம் ஆண்டு மே மாதம் ஆஸ்திரேலியாவின் வூமராவில் ‘ஹோல்டன் மாலூ’ என்ற வண்டியை ஓட்டிய மார்க் ஸ்கைஃப், மணிக்கு 271 கிலோமீட்டர் எட்டி அந்தச் சாதனையை முறியடித்தார். அதன் ஆற்றல் ஏறத்தாழ 400 குதிரைத்திறன்தான். காரின் தாழ்ந்த உடலிலிருந்தே வளர்ந்த பாரவண்டியாதலால், 100 குதிரைத்திறன் குறைந்திருந்தும் 22 கிலோமீட்டர் அதிகமாக ஓடிற்று. குதிரைத்திறனை மட்டும் எண்ணிப் பார்க்கிறவர்கள் இந்த ஓர் உதாரணத்தையேனும் மனத்தில் இருத்த வேண்டும்.

மூன்றாவது பகையோடு போர் தொடுத்தவை பாலைவனத்துக்காகப் பிறந்த வண்டிகள். மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்தில் 1967 முதல் நடந்துவரும் நெடும் பந்தயத்தின் உத்வேகத்தால், ஃபோர்டு கம்பெனி 2010-ஆம் ஆண்டு மாடலாக ‘ராப்டர்’ வண்டியைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அதற்கு 310 குதிரைத்திறனே இருந்தபோதிலும், ரசிகர்கள் அதைக் கொண்டாடியதற்குக் காரணம் அதன் ஷாக் அப்சார்பர்களே. கரடுமுரடான நிலத்தில் வேகமாகச் செல்லும்போது சக்கரம் ஓயாமல் மேலும் கீழும் அலைவதால், சாதாரண ஷாக் அப்சார்பரினுள் உள்ள எண்ணெய் கொதித்து நுரைத்துத் தன் குணத்தை இழந்துவிடும். சிறு அசைவுக்கு இளகியும் பெரிய வீழ்ச்சிக்கு இறுகியும் கொடுக்கின்ற, எண்ணெயின் வெப்பத்தைத் தாங்கவல்ல அமைப்பை அதில் வைத்தார்கள். இதற்குப் பதிலடியாக ராம் கம்பெனி 2021-ல் ‘டிஆர்எக்ஸ்’ வண்டியில் 6.2 லிட்டர் இன்ஜினும் சூப்பர்சார்ஜரும் சேர்த்து 702 குதிரைத்திறனோடு வர, ஃபோர்டு 2023-ல் 700 குதிரைத்திறனுள்ள ‘ராப்டர் ஆர்’ வண்டியைக் களத்தில் இறக்கிற்று. புகையின் உந்துதலுக்குக் காத்திருக்கும் டர்போவைப் போலன்றி, சூப்பர்சார்ஜர் இன்ஜினோடு பெல்ட்டால் பிணைந்து சுழல்வதால், கால் அழுந்திய மாத்திரத்திலேயே கீச்சென்ற அதன் ஸ்வரம் எழுந்து, எட்டு சிலிண்டர்களின் கனத்த நாதத்தின்மேல் படர்கிறது. கேட்டவர்கள் எளிதில் மறப்பதில்லை. ஆனால் பாலைவனத்து டயர்களின் நிமித்தம் டிஆர்எக்ஸின் உச்ச வேகத்தை மணிக்கு சுமார் 190 கிலோமீட்டரோடு கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். 500 குதிரைத்திறன் வண்டி 248 ஓட, 702 குதிரைத்திறன் வண்டி 190-ல் நின்றுவிடுவதில் முரண்பாடு ஏதும் இல்லை. இரண்டும் வெவ்வேறு பகையை வெல்லப் புறப்பட்டவை.

நான்காவது பகையான எடையைச் சுமந்துகொண்டே வென்றவை மின்சார வண்டிகள். ஜிஎம்சி ‘ஹம்மர்’ மின்வண்டி 1,000 குதிரைத்திறன் என்று பறைசாற்றினாலும், அதன் எடை நான்கு டன்னுக்கும் மேல். பாட்டரி மட்டுமே ஒரு டன்னைத் தாண்டுகிறது. டன் ஒன்றுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பார்த்தால், ஹம்மருக்கும் மூன்று டன்னை ஒட்டிய டிஆர்எக்ஸுக்கும் ஏறத்தாழ 240 என்ற ஒரே விடைதான் வருகிறது. அப்படியிருந்தும் தொடக்கப் பாய்ச்சலில் ஹம்மர் முந்துவதற்குக் காரணம், மின்மோட்டார் தன் முழு முறுக்குவிசையையும் நின்ற நிலையிலேயே கொடுத்துவிடுவதும், கியர் மாறும் இடைவெளி அதற்கு இல்லாததுமே. 2021-ல் இல்லினாய் மாநிலத்திலிருந்து புறப்பட்ட ‘ரிவியன் ஆர்1டி’ இந்த நுட்பத்தை இன்னும் ஒரு படி உயர்த்தி, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார்களை வைத்து, 835 குதிரைத்திறனையும் அந்தந்தச் சக்கரத்தின் பிடிப்புக்கேற்பக் கணந்தோறும் பங்கிட்டுக் கொடுத்தது. 60 மைல் வேகத்துக்கு அதற்கு மூன்று விநாடிகளே தேவை என்பது தயாரித்தவர்களின் கூற்று. சைக்ளோன் இரண்டு பங்காகப் பிரித்ததை இது நான்காகப் பிரித்தது. சிந்தனையின் பரம்பரை ஒன்றே.

இனித் தீர்ப்புக்கு வருவோம். பிக்கப் என்ற பெயரைத் தாங்கிய வண்டி பாரம் சுமக்கவும் கடமைப்பட்டது என்பதை மறந்துவிட்டு அளிக்கும் தீர்ப்பு நியாயமாகாது. ஃபெராரியை முந்திய சைக்ளோன் சுமக்கத் தகுந்த பாரம் 500 பவுண்டு மட்டுமே. டிஆர்எக்ஸ் சுமார் 600 கிலோவும், ரிவியன் சுமார் 800 கிலோவும் ஏற்றும். பின்னே ஐந்து டன் வரை இழுக்கவும் ரிவியனால் முடியும். ஆனால் அவ்வளவு பாரத்தோடு ஓடும்போது பாட்டரி வெகு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்ற குறையையும் சொல்லியாக வேண்டும். குறைந்த ஆற்றலைக் கொண்டு நிறைந்த வேகத்தை விளைவித்த கைத்திறனுக்காகச் சைக்ளோனையும், நாதத்துக்கும் கம்பீரத்துக்கும் டிஆர்எக்ஸையும் போற்றலாம். சுமையையும் வேகத்தையும் ஒன்றுக்கொன்று பலியிடாமல் ஒரே உடலில் இணைத்த பூரணத்துவத்துக்காக முதலிடத்தை நான் ரிவியனுக்கே கொடுப்பேன். இந்தத் தீர்ப்போடு உடன்படாதவர்களும், அடுத்த முறை ஒரு பிக்கப்பின் குதிரைத்திறன் எண்ணைக் காணும்போது, அதன் எடை என்ன, எத்தனை சக்கரங்கள் தரையைப் பற்றுகின்றன, பெட்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்ற மூன்று கேள்விகளையும் கூடவே கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.