எரிகா தோற்ற இடம்

2001 கான் விழாவில் சிறந்த நடிகை, சிறந்த நடிகர் என இரண்டு விருதையும் ஒரே படம் அள்ளிக்கொண்டு போனது. மிகேல் ஹானெகெயின் ‘லா பியானிஸ்ட்’. இன்றுவரை பேச்செல்லாம் இஸபெல் ஹூப்பேரைப் பற்றித்தான். எதிரே நின்று ஆடிய பெனுவா மஜிமெலை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு இதில் உடன்பாடில்லை.

எல்ஃபிரீட யெலினெக்கின் 1983 நாவல்தான் மூலம். கதை நடப்பது வியன்னாவில், பேசுவது பிரெஞ்சில். எரிகா (ஹூப்பேர்) இசைக் கல்லூரிப் பேராசிரியை. வளர்ந்து ஆளான பின்னும் அம்மாவின் பக்கத்தில்தான் படுக்கை. வால்டர் (மஜிமெல்) பொறியியல் மாணவன். பியானோவும் வாசிப்பான், ஐஸ் ஹாக்கியும் ஆடுவான்.

கல்லூரியில் சேர வால்டர் ஷூபர்ட் வாசித்துக் காட்டும்போது கேமரா ஹூப்பேரின் முகத்தை விட்டு நகர மறுக்கிறது. ‘சலனமற்ற முகம்’ என்று விமர்சகர்கள் எழுதித் தள்ளிய இடம். சலனம் இல்லாமலா? வாசிப்பு பிடித்துப்போகிறது, பிடித்தது வெளியே தெரிந்துவிடுமோ என்று உதடு இறுகுகிறது. பிறகு அவனைச் சேர்க்கக் கூடாது என்கிறார். ஒத்திகையில் பயந்து நிற்கும் மாணவிக்கு அவன் தைரியம் சொல்வதைப் பார்த்ததும் எழுந்து போகிறாரே, அங்கேயும் கூச்சல் கிடையாது. கண்ணாடி டம்ளரைத் துணியில் சுற்றுகிறார், காலால் மிதிக்கிறார், சில்லுகளை மாணவியின் கோட்டுப் பையில் கொட்டுகிறார். வீட்டு வேலை பார்க்கிற நிதானம்!

அம்மாவாக வரும் அன்னி ஜிரார்தோவும் சளைத்தவர் அல்ல. முதல் காட்சியிலேயே புது உடைக்காக மகளோடு முடியைப் பிடித்துச் சண்டை. மறுவருடம் செசார் விருது வாங்கினார்.

ஆட்டம் திரும்புவது கடிதக் காட்சியில். அம்மா உள்ளே வராதபடி கதவுக்கு அலமாரியை முட்டுக்கொடுத்துவிட்டு, தன்னை எப்படிக் கட்ட வேண்டும், எப்படி அடிக்க வேண்டும் என்று எழுதிய கடிதத்தை எரிகா படிக்கக் கொடுக்கிறார். அவன் படிக்கிறான். இங்கே ஹூப்பேரைப் பார்க்காதீர்கள், மஜிமெலைப் பாருங்கள். ஜெயித்துவிட்ட பையனின் சிரிப்பு பக்கத்துக்குப் பக்கம் கழன்று, கடைசியில் அருவருப்பு மட்டும் மிஞ்சுகிறது. விதிகளை எழுதியதோடு தன் காவலையும் எழுதிக் கொடுத்துவிட்டார் எரிகா. அவன் பின்னால் வந்து அதே வன்முறையைச் செய்வான், அவர் விதிப்படி அல்ல.

ஹானெகெ இதை ஐஸ் மைதானத்திலேயே முன்கூட்டிக் காட்டிவிடுகிறார். பனிச்சறுக்கு பழகும் பெண்களை ஹாக்கி அணி வந்து விரட்டிவிட்டுக் களத்தைப் பிடித்துக்கொள்கிறது. கேட்பாரில்லை.

கச்சேரி மண்டப வாசலில் எரிகா தன் தோளில் கத்தியை இறக்குவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். அதற்குச் சற்று முன், முந்தைய கொடூரம் நடக்கவே நடக்காததுபோல் வால்டர் குடும்பத்தோடு கலகலவென்று வணக்கம் சொல்லிக் கடந்து போகிறானே, அந்தச் சில நொடிகள் இல்லாவிட்டால் கத்திக்கு வேலையே இல்லை. லிவ் உல்மான் தலைமையிலான கான் நடுவர்கள் இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தது சரி.