தட்டும் திரைச்சீலையும்

‘சாப்பாடு சுமார்தான், ஆனா இடம் பிரமாதம்.’ கேளிக்கைப் பூங்கா உணவகங்களைப் பற்றி வருகிற மதிப்புரைகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கிவிடலாம். தராசின் ஒரு தட்டில் உணவின் தரம், மறு தட்டில் சூழல். எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை வைத்து, கொடுத்த காசுக்குத் தகுமா தகாதா என்று தீர்ப்பு. உருவமா உள்ளடக்கமா என்று நம் விமர்சன மரபில் காலங்காலமாக நடந்துவந்த சண்டையை நினைவூட்டுகிற பிரிவினை இது. அங்கே போலவே இங்கேயும் பிரித்துப் பார்ப்பதில்தான் கோளாறு இருக்கிறது. பிரித்த மாத்திரத்தில் உணவு மட்டும் விசாரணைக்கு உள்ளாகிறது. உப்பு, சூடு, அளவு, விலை என்று ஆயிரம் கேள்விகள். சூழலோ தப்பித்துக்கொள்கிறது. அது ‘ரசிப்பதற்கு’ உரியது, அவ்வளவுதான்.

சூழலையும் விசாரிக்க வேண்டும் என்பது என் வாதம். அதற்கு ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலேண்ட் 1955-ல் திறக்கப்பட்டது. அதற்குள் ‘நியூ ஆர்லியன்ஸ் ஸ்கொயர்’ என்ற பகுதி 1966 ஜூலையில் வந்தது. 1967 மார்ச்சில் அங்கே கரீபியன் கடற்கொள்ளையர் படகுச் சவாரியும், அதே கட்டடத்துக்குள் ‘ப்ளூ பேயூ’ என்ற உணவகமும் திறந்தன. லூசியானாவின் சதுப்புநிலங்களில் மெல்ல நகர்கிற நீரோடைக்குத்தான் பேயூ என்று பெயர். வெளியே உச்சிவெயில் கொளுத்தினாலும் உணவகத்துக்குள் எந்நேரமும் அந்தி சாய்ந்த இருட்டு. தொங்கும் விளக்குகள், செயற்கை மின்மினிகள், மேசைகளை ஒட்டிய தண்ணீரில் போய்க்கொண்டிருக்கும் படகுகள். சாப்பிடுகிறவர்கள் படகில் போகிறவர்களை வேடிக்கை பார்க்கிறார்கள். படகில் போகிறவர்களுக்குச் சாப்பிடுகிறவர்களே காட்சி. காசு கொடுத்து உட்கார்ந்தவரும் சூழலின் ஒரு பகுதியாகிவிடுகிறார்!

இது அழகாக இருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. உம்பர்த்தோ எக்கோ 1975-ல் எழுதிய கட்டுரையில், டிஸ்னிலேண்டின் வீட்டு முகப்புகள் பொம்மை, உள்ளே போனால் மாறுவேடமிட்ட கடை, வாங்குவது மட்டும் நிஜம் என்ற பொருளில் சொன்னார். ழான் போத்ரியார் 1981-ல் இன்னும் ஒரு படி போனார். வெளியே இருக்கிற அமெரிக்கா நிஜம் என்று நம்பவைப்பதற்காகவே டிஸ்னிலேண்ட் கற்பனையாகக் காட்டப்படுகிறது என்பது அவர் வாதம். இவர்களைப் படித்துவிட்டு ‘எல்லாமே போலி’ என்று கையைத் தட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் தட்டில் வருகிற உணவு போலியல்ல. அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவரின் கால்வலியும் போலியல்ல. நகலின் தத்துவத்தைப் பேசுவதைவிட, எது நகலெடுக்கப்பட்டது, எது விடப்பட்டது என்று கேட்பது பயன் தரும்.

நிஜ நியூ ஆர்லியன்ஸில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? 1960 செப்டம்பரில் கனால் தெருவின் உல்வொர்த் கடையில், வெள்ளையருக்கு மட்டுமான லன்ச் கவுண்ட்டரில் கறுப்பின, வெள்ளையின இளைஞர்கள் சேர்ந்து போய் உட்கார்ந்தார்கள். கைதானார்கள். உணவகங்களில் இன ஒதுக்கலைத் தடைசெய்த குடியுரிமைச் சட்டம் 1964-ல்தான் வந்தது. அந்நகரின் ட்ரெமே பகுதியில் லியா சேஸ் சமைத்துப் பரிமாறிய ‘டூக்கி சேஸ்’ உணவகத்தின் மாடியறையில், போராட்டக்காரர்கள் நிறவேறுபாடின்றி ஒன்றாக உட்கார்ந்து, கம்போவைச் சாப்பிட்டுக்கொண்டே அடுத்த நடவடிக்கைகளைத் திட்டமிட்டார்கள். அப்படிச் சேர்ந்து உட்காருவதே அன்று அங்கே சட்டவிரோதம். யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதுதான் ஒரு உணவகத்தின் முதல் ‘சூழல்’. இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தச் சட்டம் வந்து இரண்டே ஆண்டில், யாரையும் ஒருபோதும் எழுந்து போகச் சொல்லாத ஒரு நியூ ஆர்லியன்ஸ் அனஹைமில் எழுந்தது. இரும்புக் கிராதி போட்ட மாடங்கள் இருந்தன, ஜாஸ் இருந்தது. உள்நாட்டுப் போருக்கு முன்பு அமெரிக்காவின் மிகப்பெரிய அடிமைச் சந்தை அந்த ஊரில்தான் இருந்தது என்ற விஷயம் மட்டும் இல்லை. ஆனால் ஏலம் இருந்தது. உணவகத்தை ஒட்டிப் புறப்படுகிற அதே படகுகள் போய்ச் சேரும் ஒரு காட்சியில், கொள்ளையர்கள் பெண்களை ஏலம் விட்டார்கள், வேடிக்கையாக. 2018-ல்தான் அதை மாற்றினார்கள். விடப்பட்டது வேறு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது என்றுதான் இதை வாசிக்க முடிகிறது.

பூங்காவின் இன்னொரு மூலையில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. 1955-லேயே அங்கே ‘ஆன்ட் ஜெமிமா’ பான்கேக் உணவகம் இருந்தது. சிரித்த முகத்தோடு வெள்ளைக் குடும்பங்களுக்குச் சமைத்துப்போடும் கறுப்பினத் தாதியின் உருவம்தான் அந்த மாவு வியாபாரத்தின் சின்னம். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த வேடத்தில் நின்று பான்கேக் சுட்ட நான்சி கிரீன் அடிமையாகப் பிறந்தவர். டிஸ்னிலேண்டிலும் கறுப்பினப் பெண் அதே வேடத்தில் மேசை மேசையாக வந்து வரவேற்றார். உணவகம் 1970-ல் அந்தப் பெயரை இழந்தது. மாவுப் பொட்டலத்திலிருந்து பெயர் போக 2021 ஆயிற்று. இங்கே சாப்பாடு எது, சூழல் எது? பான்கேக்கின் மிருதுவைப் பத்துக்கு எட்டு என்றும் சூழலைப் பத்துக்குப் பத்து என்றும் ஒரு மதிப்புரையாளர் போட்டிருந்தால், அந்தப் பத்து எதற்குக் கிடைத்த பத்து?

உணவின் கதையே வேறு. கம்போ என்ற சொல்லே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. வெண்டைக்காய் அடிமை வணிகத்தின் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்தது. கொழுப்பில் மாவை வறுக்கிற முறை பிரெஞ்சுக்காரர்களுடையது. சாஸஃப்ராஸ் இலைப்பொடி சாக்டா பழங்குடியினருடையது. செட்டு போட்டவர்கள் துடைத்தெறிந்த வரலாறு கிண்ணத்துக்குள் கிடக்கிறது. ஆகவே உணவின் தரம் என்பது வெறும் நாக்கு சமாச்சாரமல்ல. கம்போவைக் காரம் குறைத்து, எல்லோருக்கும் ஒத்துப்போகிற குழம்பாக்கினால் அங்கேயும் ஒரு துடைப்பு நடக்கிறது.

2023-ல் நியூ ஆர்லியன்ஸ் ஸ்கொயரில் ‘டியானாஸ் பேலஸ்’ திறந்தது. 2009-ல் வந்த படத்தின் கறுப்பின இளவரசி டியானா, சொந்த உணவகம் வைக்கக் கனவு காண்கிறவள். அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதல் 2019-ல் மறைந்த லியா சேஸ். இது ஒரு நகர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் மாடியறையில் சட்டத்தை மீறிப் பரிமாறியவர் இளவரசியாக்கப்படும்போது அந்த மாடியறை எங்கே போயிற்று?

‘என்னய்யா இது, பிள்ளைகுட்டியோட ஒருநாள் சந்தோஷமா இருக்கப் போனா அங்கயும் அரசியலா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வருஷக்கணக்கில் காசு சேர்த்து ஒருமுறை போகிற குடும்பத்தைப் பார்த்து ‘ஏமாந்தவர்கள்’ என்று சிரிக்கிற மேட்டிமைத்தனம் எனக்கு உவப்பானதல்ல. சூழல் வேண்டாம், ருசி போதும் என்கிற துறவறமும் அப்படித்தான். இருட்டில் மின்மினி பார்த்துக்கொண்டே சாப்பிட யாருக்குத்தான் ஆசை இருக்காது? அந்த ஆசை குற்றமல்ல. அதற்கான விலைச்சீட்டில் எல்லாம் எழுதப்படவில்லை என்பதுதான் விஷயம்.

டிஸ்னி தன் தொழிலாளர்களை ‘நடிகர் குழுவினர்’ என்றே அழைக்கிறது. விருந்தினர் கண்ணில் படுகிற இடம் மேடை, மற்றது பின்மேடை. விமானப் பணிப்பெண்களின் புன்னகையும் உழைப்பே என்று ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-ல் எழுதினார். தொழிற்சங்கக் கூட்டமைப்பு நிதியளித்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று, டிஸ்னிலேண்ட் வளாகத் தொழிலாளர் சுமார் 5,000 பேரிடம் விசாரித்தது. மூன்றில் இரண்டு பங்கினருக்குப் போதிய உணவுக்கே உத்தரவாதமில்லை. முந்தைய இரண்டாண்டுகளில் பத்தில் ஒருவருக்கும் மேல் வீடில்லாமல் இருந்திருக்கிறார்கள். நிறுவனம் அந்த ஆய்வை ஏற்கவில்லை. 2024 மே மாதம், வேடமிட்டு வருகிறவர்களும் ஊர்வலத்தில் ஆடுகிறவர்களுமாகச் சுமார் 1,700 பேர் கொண்ட பிரிவு, சங்கம் வேண்டும் என்று பெரும்பான்மை வாக்கில் முடிவெடுத்தது. சூழல் வாய் திறந்து பேசிய தருணம் அது.

ஆகவே தராசைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இரண்டு தட்டுக்கும் ஒரே கேள்விகளை வைக்கச் சொல்கிறேன். இந்தக் குழம்பு எந்த ஊர்க்காரர்களுடையது, அதில் எதைக் குறைத்தார்கள்? இந்த அந்தி யாருடைய அந்தி, அதில் யாரைக் காணோம்? இதைப் பரிமாறியவர் இன்று எங்கே, என்ன சாப்பிடுவார்? ‘இடம் பிரமாதம்’ என்று எழுதுகிற ஒவ்வொருவரும் இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மதிப்பெண் போட வேண்டும்.