கருவி நம் கையில். பாட்டு யார் பெயரில்?

என் மாணவர்கள் நால்வர், பள்ளி ஆண்டு விழாவிற்கென ஒரு பாட்டுப்படம் எடுத்தனர். காரைக்குடிக்கு அருகே, கதவு சாத்திக் கிடக்கும் பழைய செட்டிநாட்டு வீடொன்றின் முகப்பிலே எடுத்தனர். கருவி, ஒரு கைப்பேசி. விளக்கு, கதிரவன். செலவு, சைக்கிளில் போய்வந்த நால்வரும் குடித்த தேநீர்! நான்கு நிமிடப் படம். பாட்டு நன்று, படமும் நன்று. விழாவுக்கு வந்தோர் கைதட்டினர், நானும் தட்டினேன். "நம் பிள்ளைகளிடம் இவ்வளவு திறனா!" என்று ஆசிரியர் அறையிலே பெருமையும் பேசினேன்.

மறுநாள் மாணவி ஒருத்தி வந்து நின்றாள். "ஐயா, அந்தப் பாட்டை எழுதியது நான்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை, போய்விட்டாள்.

படத்தை மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். இறுதியிலே பெயர்கள் வந்தன. பாடியவன் பெயர் உண்டு. படம் பிடித்தவன் பெயர் உண்டு. தொகுத்தவன் பெயர் உண்டு. 'வழிகாட்டியவர்' என்று, எந்த வழியும் காட்டாத என் பெயர் பெரிய எழுத்திலே உண்டு. எழுதியவள் பெயர் இல்லை!

கேட்டேன். "மறந்துவிட்டோம் ஐயா" என்றனர். பொய்யில்லை, மறதிதான். ஆனால் தோழர்களே, மறதி ஏன் எப்போதும் ஒரே பக்கமாக விழுகிறது? ஆசிரியரை மறக்காத மறதி, பாடியவனை மறக்காத மறதி, ஏன் அந்தப் பெண்ணை மட்டும் மறந்தது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

கொட்டகையிலிருந்து கைப்பேசிக்கு

பாட்டுக்குப் படம் பிடிப்பது இந்த ஊருக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே சென்னையில் மின்சாரத் தட்டுப்பாடு. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், தம் ஊர்ப்பக்கமே திரும்பிவந்து, தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ அமைத்தார். 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே உருவான படம். பாரதியின் பாடல்களை டி.கே. பட்டம்மாள் பாட, திரையிலே குமாரி கமலா ஆடினார். பாட்டு முன்னதாகவே பதிவாகிவிடும். படப்பிடிப்பின்போது அது ஒலிக்கும். ஆடுபவர் அதற்கேற்ப ஆடுவார். குரல் ஒருவருடையது, உருவம் மற்றொருவருடையது. பார்ப்பவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்று.

என் மாணவர்கள் செய்ததும் அடிப்படையில் அதுவே. பாட்டை முதலிலே பதிவு செய்தனர். அதை வரிவரியாகப் பிரித்து, எந்த வரிக்கு எந்தக் காட்சி என்று தாளிலே கட்டம் கட்டி வரைந்தனர். படம் பிடிக்கும்போது பாட்டை ஒலிக்கவிட்டு வாயசைத்தனர். ஓரிடத்தில் பாடுபவன் காற்றிலே மிதப்பதுபோல் நகர வேண்டும். ஆனால் உதடு பாட்டோடு பிசகக் கூடாது. என்ன செய்தனர், தெரியுமா? பாட்டை இருமடங்கு விரைவிலே ஒலிக்கவிட்டனர். அந்த விரைவுக்கு அவன் வாயசைத்தான். விநாடிக்கு 48 சட்டகங்கள் எடுத்து, 24ஆக ஓட்டினர். உடல் மிதந்தது, உதடு பாட்டோடு நின்றது. பிறகு தாளத்தின் அடி விழும் இடத்திலே காட்சியை வெட்டினர், வண்ணம் திருத்தினர். பதினாறு வயதுப் பிள்ளைகள்!

அன்று பிலிம் வேண்டும், அதைக் கழுவக் கூடம் வேண்டும், ஒலிப்பதிவுக் கருவி வேண்டும், இத்தனைக்கும் முதல் போட ஒருவர் வேண்டும். முதல் உள்ளவர் கதவைத் திறந்தால்தான் மற்றவர் உள்ளே போகலாம். இன்று அந்தக் கதவு உடைந்துவிட்டது. மகிழ்ச்சிக்குரிய செய்தி, ஐயமில்லை. ஆனால் 'கருவி பொதுவாகிவிட்டது, ஆகவே கலையும் பொதுவாகிவிட்டது' என்று கூத்தாடுவோரைக் கண்டால் எனக்கு அச்சம் பிறக்கிறது. கையில் எழுதுகோல் வந்துவிட்டதனாலேயே எல்லோரும் எண்ணத் தொடங்கிவிட்டோமா?

இடம் பேசுகிறதா? வெறும் திரைச்சீலையா?

2011 நவம்பரிலே 'கொலைவெறி' என்ற பாட்டு யூடியூபில் வந்தது. ஒலிப்பதிவுக் கூடத்திலே பாடுவதையே படமாக்கியிருந்தனர்; மாடமாளிகை இல்லை, கூட்டம் இல்லை. உலகெங்கும் பரவியது. பெரும்பொருள் இல்லாமலும் பாட்டுப்படம் ஊரை ஆளலாம் என்று அது காட்டிற்று. ஆனால் அது காதலை மறுத்த பெண்மீது புலம்பும் பாட்டு. வரவிருந்த திரைப்படம் ஒன்றிற்கு முன்னோட்டம். எளிமை புதிது, உள்ளீடு பழையது.

2017 சனவரியில் வேறொன்று வந்தது: 'சென்னை பொறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுத, கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாட, ரதீந்திரன் பிரசாத் இயக்கினார். எண்ணூர்க் கழிமுகத்திலே, அனல் மின்நிலையச் சாம்பல் படிந்த நிலத்திலே நின்று பாடுகிறார் பாடகர். புறம்போக்கு என்பது ஊருக்குப் பொதுவான நிலம். வரி வராத நிலம் பயனற்ற நிலம் என்று கருதப்பட்டதால், அந்தச் சொல்லே வசவுச் சொல்லாயிற்று. அந்த வசவைக் கழுவி, பொதுநிலத்தின் பெருமையைத் திருப்பித் தருகிறது பாட்டு. சபாக்களில் ஒலித்த இசை, சென்னைத் தெருவின் பேச்சுத் தமிழைச் சுமந்துகொண்டு சாம்பல் மேட்டிலே நிற்கிறது. இங்கே இடம் வெறும் அழகுக்கு வந்ததன்று, இடமே வாதம். அந்த நிலத்தை நீக்கிவிட்டு அந்தப் பாட்டைக் காட்ட முடியாது. திட்டமிட்ட பாட்டுப்படம் என்றால் இது.

இனி நம் ஊருக்கு வருவோம். செட்டிநாட்டு வீடுகளின் முன்னே எடுக்கப்படும் பாட்டுப்படங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். பர்மாத் தேக்குத் தூண் உண்டு. ஆத்தங்குடிப் பூங்கல் தரை உண்டு. முட்டை வெண்கரு கலந்த சுண்ணச் சாந்தால் கண்ணாடிபோல் மின்னும் சுவர் உண்டு. பட்டுடுத்திய இளம்பெண் தூணைச் சுற்றி வருவாள். மேலிருந்து பறக்கும் கேமரா முற்றத்தைக் காட்டும். தூணைச் சுமந்த தோள் உண்டா? சாந்து அரைத்த கை உண்டா? கண்ணாடியின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, ஒவ்வொரு கல்லாகக் கையாலே வார்த்தெடுக்கும் ஆத்தங்குடித் தொழிலாளி எங்கே? இல்லை! என் மாணவர்கள் எடுத்த படத்திலும் இல்லை. அவர்களுள் ஒருவனுடைய பாட்டி அத்தகைய வீடொன்றில் வாழ்நாளெல்லாம் வேலை செய்தவர் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். பேரன் படம் பிடித்தான். பாட்டி படத்தில் இல்லை.

முதல் போன கடலும் உடல் போன கடலும்

அந்தத் தூண்கள் கடல் கடந்து வந்தவை. பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் இந்த மண்ணின் முதல் சென்றது, வட்டியாகவும் வாணிகமாகவும் பெருகித் திரும்பிற்று, வீடாக எழுந்தது. அதே கடலிலே இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளின் நிலமற்ற ஏழைகளும் சென்றனர். மண்டபம் முகாம் வழியே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். முதல் அனுப்பியவரின் வீடு நிற்கிறது. உடல் அனுப்பியவருக்கு என்ன நிற்கிறது?

ஒரு பாட்டு நிற்கிறது. 2021 மார்ச் 7ஆம் நாள் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி'. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில், அமித் கிருஷ்ணன் இயக்கத்தில் உருவானது. திரைப்படம் எதற்கும் கடன்படாத தனிப்பாட்டு. 40 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. அதன் விதை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. 'என் சாமி' என்று ஆண்டையை விளித்த அடிமைச் சொல்லே, பேரப்பிள்ளையைக் கொஞ்சும் அன்புச் சொல்லாக மாறி நிற்கிறது அந்தத் தலைப்பிலே. ஆயிரம் மேடைகளில் நாம் பேசிய பேச்சை ஒரு சொல் செய்துவிட்டது! வள்ளியம்மாளையே படத்திலே அமர வைத்து, உற்றார் சூழ அரசிபோல் காட்டினரே, அது என் மாணவர்கள் செய்யத் தவறியது. நான் சொல்லத் தவறியது.

குறையும் சொல்ல வேண்டும். புகழ்ச்சி மட்டும் திறனாய்வு ஆகாது. படத்தின் வண்ணமும் ஆடையணியும் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் வண்ணம் மிகுந்த இடத்திலே வரலாறு மங்கிவிடுகிறது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்திலே, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று, சரக்கைப் பங்கிடுவதுபோல் மக்களைப் பங்கிட்டனர். அந்தக் கொடுமை நெஞ்சில் இருப்பவனுக்குப் பாட்டு நெருப்பு. இல்லாதவனுக்கு அது ஆட்டத்திற்கேற்ற இசை. கல்யாண ஊர்வலத்திலே அதற்கு ஆடியவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆடட்டும். ஆனால் எதற்கு ஆடுகிறோம் என்று அறிந்து ஆடினால் என்ன?

பிறகு நடந்தது நாடறியும். 2021 ஆகஸ்டில் ஆங்கில இசை ஏடொன்று இப்பாடலைப் போற்றி எழுதியபோது, அட்டைப் படத்திலே தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 சூலையில் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவிலே பாட்டு ஒலித்தது. மேடையிலே அறிவு இல்லை. அவர் அயல்நாட்டில் இருந்தார் என விளக்கம் வந்தது. எழுதியதும் மெட்டமைத்ததும் தாமே என்றார் அறிவு. கூட்டு உழைப்பு, அவருக்குரிய இடத்தை என்றும் மறுத்ததில்லை என்றனர் மற்றவர். 2024 மார்ச்சிலோ, அப்பாட்டால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று இசையமைப்பாளரே கூறினார்! நிலமற்றவரின் பாட்டு, பாடியவர்க்கும் நிலமில்லாமல் போயிற்று. யார் சொல்வது சரி என்று தீர்ப்புக் கூற நான் நீதிபதியல்லன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: பாட்டுக்கும் படத்துக்கும் அத்தனை நுணுக்கமாகத் திட்டமிட்டவர்கள், பெயருக்கும் பங்குக்கும் அதே நுணுக்கத்தோடு முதல் நாளே திட்டமிட்டிருந்தால் இவ்வளவு மனக்கசப்பு வந்திருக்குமா?

"பெயர் எதற்கு?" என்போருக்கு

"நாட்டுப்பாடலுக்கு ஆசிரியர் உண்டா? தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் யார் பெயர் போட்டார்கள்? கலை பொது, பெயர் கேட்பது தன்னலம்" என்பர் சிலர். கேட்க இனிமையான வாதம். களத்துமேட்டிலே பாட்டை எவரும் விற்கவில்லை. ஆகவே பெயரும் தேவைப்படவில்லை. விற்பனைக்கு வந்த இடத்திலே பெயரில்லாதவன் பறிகொடுத்தவன். யூடியூபிலே பாட்டை ஏற்றினால், அது யாருடையது என்பதைக் கணினியே பதிவேட்டைப் பார்த்துக் கண்டுபிடித்து, வருவாயை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது. கணினிக்குச் சாதி தெரியாது, உண்மைதான். ஆனால் பதிவேட்டிலே யார் பெயரை எழுதுவது என்று முடிவு செய்கிற மனிதனுக்குத் தெரியுமே!

இந்த வழக்கும் நம் ஊருக்குப் புதிதன்று. பாரதி 1921இல் வறுமையிலே மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறி, ஏ.வி.எம். கைக்கு வந்தது. வேறொரு படத்தார் பாரதி பாட்டைச் சேர்த்தபோது வழக்கும் எழுந்தது. 'பாரதி ஒருவர் சொத்தா?' என்று எழுத்தாளரும் கலைஞரும் கிளர்ந்தனர். 1949இல் மாகாண அரசு உரிமையைப் பெற்றது. மெய்யப்பன் காசு பெறாமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1955இல் பாட்டு மக்களுக்கே பொதுவாயிற்று. கேட்டதால் கிடைத்தது. வாய்மூடி இருந்திருந்தால்?

இன்று சட்டமும் துணை நிற்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பாட்டு பின்னர் பலவாறு பயன்படும்போது வரும் உரிமைத்தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள சம பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. தன் படைப்பைத் தன்னுடையது என்று சொல்லும் உரிமையோ, மற்ற உரிமைகளை விற்ற பின்னும் படைத்தவனிடமே நிற்கும். சட்டம் உண்டு, அறிந்தோர் எத்தனை பேர்?

ஆகவே, கைப்பேசியும் கையுமாகத் திரியும் இளந்தோழர்களே! பாட்டுப்படம் எடுங்கள், நிறைய எடுங்கள். ஆனால் கட்டம் கட்டி வரையும் அந்த முதல் தாளிலேயே, முதல் காட்சிக்கும் மேலே, மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: இந்தப் பாட்டு யாருடையது? இந்த இடத்தை ஆக்கிய கை யாருடையது? காசு வந்தால் யாருக்கு எவ்வளவு?

என் மாணவர்கள் அன்று மாலையே படத்தைத் திருத்தினர். பத்து நிமிட வேலை. முதல் சட்டகத்திலே அந்த மாணவியின் பெயர்; என் பெயரை நீக்கச் சொன்னேன், நீக்கினர். அவளிடம் காட்டினேன், சிரித்தாள். ஆனால் பழைய படம் அதற்குள் வாட்ஸ்அப் வழியே ஊரெல்லாம் போய்விட்டிருந்தது. இன்றும் யாரோ ஒருவர் கைப்பேசியில் அது ஓடிக்கொண்டிருக்கும், அவள் பெயர் இல்லாமல், என் பெயரோடு. அதைத் திருத்த என்னால் ஆகாது. உங்கள் படம் இன்னும் வெளிவரவில்லையே! அதைத் திருத்த உங்களால் ஆகும்.