சொல்லற்ற சித்திரக் கதையும் மலைநாட்டு மாணவரும்

சித்திரத் தொடரிலிருந்து சொல்லை விலக்குதல் எளிதான காரியமன்று. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தன் வரலாற்றைத் தீட்டிய ஓவியரும் காட்சிகளுக்குத் தமிழில் விளக்கம் எழுதியே சென்றனர். அவ்விளக்கத்தை அறவே நீக்கிக் கதை நடத்துக எனப் பணிக்கும் போட்டியொன்று 2012 இல் யப்பானிலே தொடங்கப்பெற்றது. உரையாடலில்லாச் சித்திரக் கதைகளை மட்டும் ஏற்கும் அதற்குச் 'சைலன்ட் மங்கா ஓடிஷன்' என்பது பெயர். மொழி தடையாகாமையின் பன்னாட்டு இளைஞரும் அதிற் பங்குகொண்டனர். முதற் போட்டிக்கு அளிக்கப்பட்ட பொருள் காதற் கடிதம்.

சொல்லை விலக்கிய போட்டிக்குச் சொல்லாலேயே ஆகிய கடிதத்தைப் பொருளாக்கியது நுட்பமான தேர்வு எனலாம். வாசகத்தைக் காட்ட இயலாதாகவே, எழுதும் கையும் தயங்கும் காலும் பெற்றவர் முகமுமே கதையை நடத்தல் வேண்டும். உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புறத்தார்க்குப் புலனாதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். மெய்ப்பாட்டியலை மனனஞ் செய்து பரீட்சை எழுதுவோர் பலர். அதனைக் கரிக்கோலாற் செய்து பார்த்தவர் எத்துணைபேர்?

இப்பொருளையே ஹற்றனிலோ நுவரெலியாவிலோ உள்ள பாடசாலையொன்றிற் கொடுத்துப் பார்க்கலாம். 'காதல்' என்னும் அடைகூட வேண்டியதில்லை. கடிதம் என்பதே போதும். லயத்துக் காம்பராக்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாமையால், தொழிலாளர் பெயருக்கு வரும் தபால் தோட்டத்துக் காரியாலயத்தைச் சேர்ந்து, அங்கிருந்து கைமாறி வருவது நெடுங்கால வழக்கம். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து வந்தது என்னும் முறைப்பாடு அங்குப் புதியதன்று. இதனை நான்கு கட்டங்களில் அமைக்கலாம். முதலாவதில், மேசைமேற் கடிதக் கட்டு. இரண்டாவதில், அதே கட்டின்மேல் தேநீர்க் கோப்பை பதித்த வட்டக் கறை. மூன்றாவதில், கொழுந்துக் கூடையிற் செருகிய உறை மலையேறுகின்றது. நான்காவதில், கிழித்த உறையும், சுவர் நாட்காட்டியை நோக்கி நிற்கும் இளைஞனின் முதுகும். முகம் வேண்டுவதில்லை. நாட்காட்டியின் இலக்கம் சொல்லாகுமா என நடுவர் வழக்காடக்கூடும், ஆடட்டும்.

ஆயின், மாணவன் இதனை வரைவானா என்பதே ஐயம். தோட்டம் என்றதும் பச்சை மலை, வீழும் அருவி, கூடை சுமந்து முறுவலிக்கும் பெண் ஆகியன தாமே கையில் வந்து நிற்கும். தேயிலைப் பெட்டியின் மேற்றாளுக்காகப் பிறர் வரைந்த படம் அது. அழகுண்டு, நிகழ்ச்சி இல்லை. கோட்டின் துப்புரவுக்கும் வண்ணத்துக்கும் மட்டும் புள்ளியிடும் நடுவர் அதற்கே பரிசளிப்பார். கொழுந்து மடுவத்துத் தராசின் முன்னே நிறை குறைந்து 'அரைப்பேர்' பெற்றுத் திரும்புபவளின் தோளை எவரும் வரையார். இளிவரலுக்கு நிலைக்களமாகச் சொல்லப்பட்ட முதுமையும் நோயும் வருத்தமும் மென்மையும் ஒருங்கே வந்து நிற்கும் இடம் அத்தராசு.

சொல்லற்ற கதைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறைத்தலாகாது. துயரை அது காட்டும். காரணத்தின் பெயரைச் சொல்லாது. மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிய 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தைச் சொல்லின்றி எங்ஙனம் வரைவது? அவுஸ்திரேலிய ஓவியர் ஷோன் டான், புலம்பெயர்ந்தோன் ஒருவனின் கதையாக 2006 இல் வெளியிட்ட 'தி அரைவல்' என்னும் சொல்லற்ற நூல் இதற்கு ஒரு வழி காட்டுகின்றது. அங்கே பலகைகளிலும் பத்திரங்களிலும் காணும் எழுத்து எம்மொழிக்கும் உரியதன்று, அவரே புனைந்தது. கதைத்தலைவனைப் போலவே படிப்பவரும் எழுத்தறியாதவராகின்றார். கைநாட்டிடும் பாட்டியின் பெருவிரலையும் பிரசாவுரிமை விண்ணப்பத்தையும் ஒரே கட்டத்தில் வரையும் மாணவன், அவ்விண்ணப்பத்தின் எழுத்துக்களை வெறுங் கிறுக்கலாகவே விட்டுவிடலாம். பாட்டி கண்டதும் அதுவே.